எடை மேடைக்கு இரண்டாவது பூசணிக்காய்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், எங்கள் எடை மேடைக் கம்ப்யூட்டர் சந்தனப் பொட்டும் சாமந்தி மாலையுமாக வேலை செய்ய மறுத்தது. மின்சாரம் இருந்தது, திரை எரிந்தது. எடை போடுகிற புரோகிராமைத் திறந்தால் மட்டும், அது ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அதன் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்து, ஏதோ ஒரு ஃபைலைக் காணோம் என்றது. ஃபைலின் பெயர் எழுத்தும் எண்ணும் கலந்து லாரி நம்பர் மாதிரி இருந்தது.

எங்கள் மேடை என்று உரிமையோடு சொல்கிறேனே தவிர, அது மொதலாளியின் மேடை. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற ரோட்டில் இருந்தது. தேங்காய் லாரிகளும் வாழைத்தார் வண்டிகளும் ஏறி நிற்கும். அவை கோணாமல் நிற்கக் கை காட்டுவது என் உத்தியோகம். அதற்கு முன் மில், அதற்கு முன் பரோட்டாக் கடை, அதற்கும் முன் திருப்பூரில் ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே பெருக்கித் துடைத்தால் இரவில் படுக்க இடம் உண்டு. ஒன்பதாவதோடு நின்றவனுக்குக் கம்ப்யூட்டர் படிப்பு என்பது அந்தத் தரையில் படுத்து மேசைகளை அண்ணாந்து பார்த்ததுதான். அந்தத் தகுதியில் என்னை இங்கே ‘சிஸ்டம் தெரிஞ்ச பய’ என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எடைச்சீட்டு அடித்துக் கொடுத்தவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் பல வருஷம் நின்று வேலை பார்த்து, பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு இந்த நாற்காலிக்கு வந்தவர். நாற்காலி போனால் மறுபடியும் மில் பஸ்தான். மில்லுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கே போக வேண்டும் என்று சொல்வது அவர் வேலை இல்லை.

அந்த நாற்காலிக்கு இன்னொரு ஆளும் காத்திருந்தான். மொதலாளியின் சொந்த அக்கா மகன். வீட்டில் சும்மா இருக்கிறான் என்பதைத் தவிர அவனுக்கு வேறு குறை எதுவும் இல்லை.

விஜயதசமி அன்று முதல் எடை ராசியாக விழ வேண்டும் என்று மொதலாளி ஒரு தேங்காய் லாரியை மேடையில் ஏற்றி வைத்துக் கற்பூரம் காட்டினார். அக்கா கிளிக் செய்தார். பெட்டி வந்தது. மறுபடி செய்தார். பெட்டி மறுபடி வந்தது. என்ன கோளாறு என்று மொதலாளி உடனே கண்டுபிடித்துவிட்டார். திருஷ்டி. நேற்று உடைத்த பூசணிக்காய் சைஸ் பத்தவில்லை. இன்னொன்று உடைத்தால் தீர்ந்தது. ஆனால் பூஜைக்கு மறுநாள் பூசணிக்காய்க்கு எங்கே போவது? சுற்றுவட்டாரத்துக் காய் முழுவதும் ரோட்டில் சிதறிக் கிடந்தது. வத்தலக்குண்டில் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி பைக்கை எடுத்தார்.

போகிற போக்கில் அக்காவிடம் சொன்னார்: “ஏம்மா, காய் ஒடச்ச பெறகும் ஓடலைன்னா அது உன் கைராசிதான். நாளையிலருந்து எங்க அக்கா மகன் உக்காரட்டும்.”

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தார். மூச்சு சத்தமாக வந்தது.

நான் உட்கார்ந்தேன். புரோகிராமை விற்ற ஆளுக்குப் போன் அடித்தேன். அவரும் தன் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துவிட்டு ஊருக்குப் போயிருக்க வேண்டும், போன் அணைந்திருந்தது. திரும்ப நிறுவிப் பார் என்று பெட்டியே யோசனை சொன்னது. பென் டிரைவில் இருந்ததைப் போட்டு நிறுவினேன். வெற்றிகரமாக முடிந்தது என்று என்னைப் பாராட்டிவிட்டு அதே பெட்டியைக் காட்டியது. பிறகு, காணாமல் போன ஃபைலை மட்டும் ஏதோ ஒரு வெப்சைட்டிலிருந்து என் போன் வழியாக இறக்கிப் போட்டேன். உடனே பெட்டி இன்னொரு ஃபைலைக் கேட்டது. அதையும் வைத்தேன். அடுத்ததைக் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு பொறுமையாகக் கேட்க மாட்டார்கள்.

“ஏலே, உள்ள என்ன பிரசவமா நடக்குது?” என்று லாரி டிரைவர் வெளியிலிருந்து விசாரித்தார்.

ஒரு ஃபைல் காணாமல் போகலாம். கூட்டமாகக் காணாமல் போனால் யாரோ அனுப்பி வைத்திருக்க வேண்டும். நேற்று எதையெல்லாம் துடைத்தீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். திரை, கீபோர்டு, வயர் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், குரலைத் தாழ்த்தினார்.

“உள்ளயும்.”

மில்லில் பூஜைக்கு முன்னால் மெஷினைத் திறந்து, உள்ளே அடைந்த பஞ்சையெல்லாம் எடுத்த பிறகுதான் பொட்டு வைப்பார்களாம். வெளியே மட்டும் துடைத்துப் பொட்டு வைப்பது சாமியை ஏமாற்றுகிற வேலை. அதனால் அக்கா கம்ப்யூட்டருக்குள்ளும் போய், வேண்டாத புரோகிராம்களை நீக்கியிருக்கிறார்.

“ஒரே பேர்ல ஏழெட்டு கெடந்துச்சு அப்பு. வருசம் மட்டும் வேற வேற. பழசையெல்லாம் எடுத்துட்டுப் புதுச ஒண்ண மட்டும் வச்சேன். தப்பா?”

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் பழைய சொம்பு ஏழு இருந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் எங்கள் எடை புரோகிராம் பழசு. அக்கா எடுத்த பழசுகளுக்குள் இருந்த, அது பிறந்த காலத்துத் துணை ஃபைல்கள்தான் அதற்கு வேண்டும். புதுசு இருக்கிறதே, அதை வைத்து ஓட்டு என்றால் கேட்காது. சம்பளம் வாங்காத வேலைக்காரனுக்கு இவ்வளவு ரோஷம்.

நான் ஒவ்வொன்றாக இறக்கிப் போட்ட ஃபைல்களைத் தூக்கிவிட்டு, அக்கா நீக்கிய பழைய தொகுப்பை, அதைச் செய்த கம்பெனியின் வெப்சைட்டிலிருந்தே மொத்தமாக இறக்கினேன். அதில் முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு என்று இரண்டு வகை இருந்தன. பெரிய எண் உசத்தி என்று அறுபத்து நான்கைப் போட்டேன். பெட்டி வந்தது. வேண்டா வெறுப்பாக முப்பத்திரண்டையும் போட்டேன். புரோகிராம் திறந்தது. மேடையில் நின்ற லாரியின் எடை, ஒன்றுமே நடக்காத மாதிரி, பச்சை எண்களில் வந்து நின்றது.

அக்கா சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். பிறகு மவுஸை என் கையிலிருந்து வாங்கி, புரோகிராமை மூடிவிட்டார்.

“என்னக்கா பண்றீங்க?”

“செத்த சும்மா இரு அப்பு. இப்ப ஓடுதுன்னா, அப்ப ஏன் ஓடலைன்னு கேப்பாரு. காய ஒடைக்கட்டும்.”

காய் உடைக்கிறவரை நிற்க வேண்டும் என்று டிரைவரிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் பீடியை அணைத்துக்கொண்டே, இம்புட்டு நேரம் நின்றாகிவிட்டது, பூசணிக்காய் பார்க்காமல் போனால் நன்றாக இருக்காது என்றார்.

மொதலாளி பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பெரிய காயை, கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மேடையைச் சுற்றினார், லாரியைச் சுற்றினார், கம்ப்யூட்டருக்கும் ஒரு சுற்று காட்டிவிட்டு ரோட்டில் போட்டு உடைத்தார். அக்கா பயபக்தியோடு கிளிக் செய்தார். புரோகிராம் திறந்தது. பிரிண்டர் கறகறவென்று முதல் சீட்டைத் தள்ளியது.

மொதலாளி எங்களைப் பார்த்தார். சொன்னேனா இல்லையா என்று கேட்கவில்லை. அவ்வளவு பெருந்தன்மை. அங்கேயே நின்று தன் அக்காவுக்குப் போன் போட்டு, இந்தம்மா கைராசியில் குறை இல்லை, காய்தான் சிறுத்துப்போச்சு, மகனுக்கு வேறு இடம் பார்ப்போம் என்று சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏலே, வண்டி வழுக்கும். அந்தக் காய அள்ளிப் போடு.”

முறத்தோடு ரோட்டில் குனிந்தேன். ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“ஓரத்துலயும் எடு அப்பு. மேலாக்கப் பெருக்கிட்டுப் போயிராத.”