குளிசையும் தேத்தண்ணியும்

பத்தாம் வகுப்பில் படித்தபோது காலைக்கூட்டத்தில் அடிக்கடி மயங்கி விழுவேன். தேவாரம் முடிவதற்குள் கண் இருட்டிவிடும். எங்கள் தேயிலைத்தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து நாவலப்பிட்டிப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய்வர வேண்டும். சண்டை நடந்த காலம், வழியில் சோதனைச்சாவடிகள். நடுவழியில் விழுந்தால் யார் தூக்குவது என்று அம்மா பயந்தாள். இனியும் விழுந்தால் படிப்பை நிறுத்திவிடுவதாகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

தோட்டத்து டிஸ்பென்சரியில், இரத்தம் குறைவென்று இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள். அம்மா ஒருநாளும் தவறவிடவில்லை. ரொட்டியைத் தின்றதும் உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைப்பாள். அதை நக்கிக்கொண்டே பாலில்லாத, சாயம் ஏறிய வெறுந்தேத்தண்ணியில் குளிசையை விழுங்குவேன். மாதக்கணக்கில் விழுங்கியும் படியேறினால் மூச்சு வாங்கியது. குளிசை வெறும் சுண்ணாம்பென்று திட்டிய அம்மா, கடைசியாக என்னைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

வழியில் எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதித்தார்கள். வெயிலில் வரிசையில் நின்றபோது அம்மாவின் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அங்கே விழுந்தால் படிப்பு அதோடு சரி.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "குளிசையை என்னத்தோட போடுறனீங்கள், பிள்ளை?" என்று கேட்டார்.

அம்மா முந்திக்கொண்டாள். "தேத்தண்ணியோடதாங்க. பச்சத்தண்ணியில குடுத்தா நெஞ்சுல சளி கட்டும்ல."

"தேத்தண்ணி இரும்புச்சத்தை உடம்பில சேர விடாது, அம்மா. தண்ணியோட குடுங்கோ."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து தேயிலைக்குள்ளேயே கிடப்பவள். தன்னையே குறைசொன்னதுபோல் நின்றாள். நான் பள்ளிக்கூடம் போகலாமா என்று மட்டும் கேட்டேன். போகலாம் என்றார் டாக்டர். பிறகு, யாரும் கேட்காமலே அம்மாவின் கண்ணிமையையும் இழுத்துப் பார்த்தார். என்னுடையதைவிட வெளுப்பு. அவளுக்கும் குளிசை எழுதினார்.

"எனக்கு என்னாத்துக்குங்க? நான் என்ன பள்ளிக்கூடமா போறேன்?" என்று அம்மா சிரித்தாள்.

திரும்பும்போது தன் பொட்டலத்தையும் என் பையில் திணித்தாள். எனக்குக் கூடுதல் நாளைக்கு வருமாம். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

மறுநாள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பியவளை வாசலில் மறித்தேன். ஒரு கையில் அவளுடைய குளிசை, மறுகையில் ஒரு கோப்பைத் தண்ணீர்.

"நீ முழுங்குனாத்தான் நான் பள்ளிக்கூடம் போவேன்."

வேலைக்கு நேரமாகிறதென்று கத்தினாள். நான் அசையவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு பச்சைத்தண்ணீரில் விழுங்கினாள். அதற்குப் பிறகுதான் நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.