கறையில்லாத துணி

ராயபுரம் கடலோரக் குப்பத்தில் எங்கள் வீட்டை ஆண்டது அப்பாவின் அக்கா, என் அத்தை. வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எப்போது தூரம் என்பது தெருவுக்கே தெரியும். தூரமானவள் வலையையோ துடுப்பையோ தொடக்கூடாது. கொல்லையில் இருந்த ஓலைச் சாய்ப்பில் மூன்று நாள் உட்கார வேண்டும்.

சித்திக்குக் கல்யாணமாகி மூன்று வருடம், பிள்ளையில்லை. ஆனால் மாதம் தவறாமல் சாய்ப்பில் போய் உட்கார்ந்துவிடுவாள். "ஒழுங்கா வர்ற ஒடம்பு. இன்னிக்கி இல்லாங்காட்டி நாளிக்கி தங்கும்" என்று அத்தை சித்தப்பாவைத் தேற்றுவாள். பக்கத்து வீட்டு மருமகளுக்கு நாலைந்து மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்று தெரிந்ததும், அவளை எர்ணாவூரில் தாய்வீட்டில் விட்டுவிட்டு அவள் புருஷனுக்கு வேறு பெண் கட்டிவைத்தார்கள். அந்தக் காரியத்தில் அத்தைக்கும் பங்குண்டு.

சாய்ப்புக்கு உளுந்தங்களி கொண்டுபோவது என் வேலை. ஏழு வயதுக்காரிக்குத் தீட்டு ஒட்டாது. அம்மாவின் துணி எத்தனை துவைத்தாலும் பழுப்பாகத்தான் காயும். சித்தியின் துணி மட்டும் கடையில் கிழித்துக் கொடுத்ததுபோல் இருந்தது. ஏன் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"யார்கிட்டயும் சொல்லாதடி கண்ணு" என்று களிமேல் இருந்த கருப்பட்டியை என் வாயில் திணித்தாள்.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். பாவாடையில் சேறு பூசிக்கொண்டு வந்ததற்கு அத்தை ஏசியபோது ரோஷம் வந்துவிட்டது. "சித்தியாண்ட குடு, அது தோய்க்கும். அது தூரத்துணியிலகூட ஒரு பொட்டு கறை இருக்காது. மூணு மாசமா பாத்துகினு கீறேன்."

அத்தை சித்தியைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினாள். கண்ணேறு படக்கூடாதென்று, முழுகாமல் இருப்பதை மறைத்துச் சாய்ப்பில் உட்காருகிறவர்கள் குப்பத்தில் உண்டு. அத்தைக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. "அடி கள்ளி! மூணு மாசத்த மறைச்சிட்டியேடி!" என்று சித்தியின் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

சித்தி மறுக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

அதன்பிறகு பெரிய வவ்வால் மீன்கள் சந்தைக்குப் போகாமல் சித்தியின் தட்டுக்கு வந்தன. பப்பாளியும் எள்ளும் தெருமுனையைத் தாண்டி வீட்டுப்பக்கம் வரவில்லை. அத்தனை மீனைத் தின்றும் சித்தி இளைத்தாள்.

இருபது நாள் போயிருக்கும். ஒரு காலையில் சித்தி சாய்ப்புக்கு ஓடினாள். இம்முறை துணி சிவந்திருந்தது. அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு தானே சமாதானமும் சொன்னாள். "ஒருவாட்டி தங்கிச்சில்ல, மறுவாட்டியும் தங்கும்." பிறகு எத்தனை மாதம் தவறினாலும், சித்தியைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

அன்று களி கொண்டுபோனபோது எனக்கு அழுகை நிற்கவில்லை. நான் சொன்னதால்தான் பாப்பா போய்விட்டது என்று நம்பினேன். சித்தி என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, கருப்பட்டி முழுவதையும் என் கையில் வைத்தாள்.

துக்கத்தில் அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மிச்சம் வைக்காமல் தின்றேன்.