அவர் சொன்ன சிஸ்டோல்

டாக்டர் என் கணவரைப் பரிசோதித்தபோது நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மயிலாப்பூரில் எங்கள் குடும்பங்களில் அந்த நாளில் பெண்டாட்டியும் கூடவே உள்ளே போகிற வழக்கம் இல்லை. டாக்டரிடம் அகமுடையான் பேசுவார். வெளியே வந்து எதைச் சொல்லத் தோன்றுகிறதோ அதைச் சொல்வார். நமக்குத் தெரிவது அவ்வளவுதான். என்ன கண்றாவி வழக்கமோ!

அவர் பள்ளிக்கூட வாத்தியார். வைத்திய விஷயங்களைப் பத்திரிகைக்குத் தமிழில் எழுதுவார். மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்திருந்தது. டாக்டரைப் பார்த்த மறுநாள், எங்கேயோ போய் அகராதியைப் புரட்டிவிட்டு உற்சாகமாக வந்தார்.

“சிஸ்டோல்னு டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார்டீ. ரத்தத்தை வெளியே தள்ள இருதயம் சுருங்கறதோன்னோ, அதுக்குப் பேரு. என்னோடது சுருங்கறச்சே ஏதோ சத்தம் கேக்கறதாம்.”

“சத்தம் கேட்டா என்னன்னா?”

“கிரேக்க பாஷை. சேர்த்து இழுத்துக்கறதுன்னு அர்த்தம். சுருக்குப் பையோட கயித்தை இழுத்தா வாய் குவிஞ்சுக்கறதே, அந்த மாதிரி. செய்யுள்ளே நெடிலைக் குறுக்கறதுக்கும் அவா இதையேதான் சொல்லிண்டிருந்தாளாம்.”

“வார்த்தைக்குக் குலம் கோத்திரம் யார் கேட்டா? உங்க உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்லேடி. சுருங்காத இருதயம் உண்டோ?”

எரிச்சல் வந்தாலும் நம்பினேன். வார்த்தைக்காக இப்படி அலைகிற மனுஷருக்குப் பெரிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

போகப் போகக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தபடியே தூங்கினார். விழித்தால், சிஸ்டோலுக்குத் தமிழில் என்ன வார்த்தை போடலாம் என்று என்னையே கேட்பார்.

ஒரு மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும், தியாகராய நகரில் இருந்த டாக்டர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

“இன்னாம்மா, ஐயரு வரல?” என்றான் ஜட்காக்காரன்.

“வரலை. நீ ஓட்டு.”

டாக்டர் என்னைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

“அவர் சொல்லவே இல்லையாம்மா? அன்னிக்கே விவரமா சொல்லிட்டேனே. இருதயத்துல வால்வு கெட்டுப் போயிருக்கு. இதுக்கு மருந்து இல்லை. ஒரு வருஷம் தாண்டினா பெரிசு. நான் உங்ககிட்டப் பேசட்டுமான்னேன். வேண்டாம், அவ தாங்க மாட்டான்னுட்டார்.”

திரும்பும் வழியெல்லாம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அடப் பிராமணா, இதையா இத்தனை நாளாகத் தனியாகச் சுமந்தீர்!

வீட்டுக்குள் நுழையும்போது விழித்திருந்தார்.

“எங்கேடி போயிட்டே?”

“கோவிலுக்கு.”

“என்ன வேண்டிண்டே?”

“உங்க சிஸ்டோலுக்கு நல்ல தமிழ் வார்த்தையா அகப்படணும்னு.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. நெஞ்சை நீவிவிட்டேன்.

ஐப்பசியில் போய்விட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்கிற நிம்மதியோடுதான் போனார்.