மண் ஒட்டாத மண்வெட்டி

மழை பிடித்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். ஐம்பதை நெருங்குகிற ஆள், ஒரு காரியமும் இல்லாமல் கொட்டுகிற மழையில் சைக்கிள் ஓட்டினால் ஊர் என்ன சொல்லும்? அதற்காகத்தான் மண்வெட்டி. கேரியரில் அதைக் கட்டிவிட்டால் போதும், வயலில் தண்ணீர் வடிக்கப் போவதாக ஆகிவிடும். டீக்கடையில் யாராவது "வயலுக்கா?" என்பார்கள். தலையை ஆட்டுவேன். அதற்கு மேல் எனக்குப் பேச வராது.

எங்கள் வயல் கடைசித் தெருவுக்குப் பின்னாலேயே இருக்கிறது. நான் போவது ஏழு கிலோமீட்டர் தள்ளி, ஆற்றுப் பாலத்துக்கு. எங்கள் பக்கம் தரை தட்டையானது. சைக்கிளில் இறக்கம் வேண்டுமென்றால் பாலம் ஒன்றுதான்.

போன கார்த்திகையில் ஒரு காலை, நல்ல மழை. உரச்சாக்கை மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் மழைக்கு மடங்கி மடங்கி நிமிர்ந்தது. மூச்சு வாங்கப் பாலத்தில் ஏறினேன். கீழே ஆறு கலங்கலாய்க் கரை நிறைய ஓடியது. உச்சி தாண்டியதும் பெடலிலிருந்து இரண்டு காலையும் தூக்கிவிட்டேன். நனைந்த ரிம்மில் பிரேக் பிடிக்காது, வழுக்கும். அதுதான் எனக்கு வேண்டும். மழை கண்ணில் குத்தியது, சாக்கு பறந்து முதுகில் அடித்தது, வயிறு கூசியது. நாலு பேர் நடுவில் வாயே திறக்காத நான் "ஹோ"வென்று கத்தினேன்.

பாலத்தடி பஸ் நிறுத்தத்தில் குடையோடு நின்றவர் என் மனைவியின் அண்ணன். கும்பகோணம் பஸ்ஸுக்காக இன்னும் நாலைந்து பேரும் நின்றார்கள். செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து, சரியாக அவர் எதிரில்தான் சைக்கிள் நின்றது.

"என்ன மாப்ள, உங்க வயலு இங்க வரைக்கும் நீண்டுடுச்சா?"

"இல்ல மச்சான். மண்வெட்டிய ஒருத்தருக்குக் குடுக்கணும்."

"யாருக்கு?"

கேரியர் கயிற்றை இழுத்து இறுக்கினேன்.

"கத்திக்கிட்டே வந்தீங்களே, அதுவும் அவருக்குத்தானா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பிப் பாலம் ஏறும்போது அவர் செல்போனைக் காதில் வைப்பது தெரிந்தது. வழியெல்லாம் ஒரே எண்ணம்: இனி மழையில் வெளியே விடமாட்டாள், இதோடு முடிந்தது.

மனைவி துண்டோடு வாசலில் நின்றாள்.

"அண்ணன் போன் பண்ணுச்சு."

மண்வெட்டியை அவிழ்ப்பதிலேயே கண்ணாக இருந்தேன்.

"அத எதுக்குங்க சுமந்துக்கிட்டுத் திரியிறீங்க? ரெண்டு வருஷமா பாக்குறேன், கழுவி வச்ச கரண்டி மாதிரி திரும்பி வருது. ஒரு பொட்டு சேறு கெடையாது."

"மழையில கழுவிடும்ல?"

"கால் ரெண்டையுமா கழுவிடும்? வயல்ல எறங்குன காலா இது?" துண்டை என் தலையில் போட்டாள். "இரும்புதான் துருப்பிடிக்குது. சும்மா போறதுன்னா சும்மா போங்க."

சொல்வது அவளுக்குச் சுலபம்.

இரண்டு நாளில் மறுபடி மழை பிடித்தது. கேரியரைக் காலியாக விட்டுக் கிளம்பினேன். டீக்கடை நெருங்க நெருங்கப் பெடலை மெதுவாக மிதித்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மண்வெட்டிய மறந்துட்டீங்களே. வயலுக்கு இல்லியா?"

தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"இல்ல, சும்மா. மழையில ஓட்டலாம்னு."

குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நான் நிற்கவில்லை. பாலத்துக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் இருந்தது. மழை அப்போதுதான் வலுத்தது.