மூக்கில் ஆக்சிஜன், முகத்தில் துணி

இரண்டு வருஷத்துக்கு முன்பு, மரக்காணம் உப்பளங்களில் மழைத் தண்ணீர் தேங்கி வேலை ஓய்ந்திருந்த நேரம். என் அக்காவின் கடைவாய்ப் பல் சொத்தையாகிப் பாதி உடைந்து, தாடை வீங்கிக் கிடந்தது. வேலை இருந்த வரைக்கும் கிராம்பைக் கடித்துக்கொண்டு உப்பு வாரினாள். வேலை நின்ற பிறகுதான் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினோம். எங்கள் பக்கத்தில் வைத்தியம் பார்த்துக்கொள்வதற்கும் மழை வர வேண்டும்.

புதுச்சேரி போகிற ரோட்டில் ஒரு தனியார் பல் ஆஸ்பத்திரி. வலி தெரியாமல் தூங்க வைத்துப் பல் எடுக்கிறோம் என்று வாசலில் போர்டு. அக்காவுக்கு ஊசியைப் பார்த்தாலே நடுக்கம். அந்த போர்டை நம்பித்தான் உள்ளே போனாள்.

அக்காவுக்கு மூக்கில் மூச்சு வராது. சின்ன வயசிலிருந்தே உள்ளே சதை வளர்ந்து இரண்டு பக்கமும் அடைப்பு. எந்நேரமும் வாயைத் திறந்துதான் வைத்திருப்பாள். உப்பளத்தில் எல்லாருக்கும் அது ஒரு கேலி.

"வாய மூடுடி, காக்கா எச்சம் போட்டுடப் போவுது."

"நான் வாய மூடினா நீங்க பாடை கட்டணும்டி, பரவால்லியா?" என்று அக்கா திருப்பிக் கொடுப்பாள்.

டாக்டரிடமும் அவள் மறைக்கவில்லை. "எனக்கு மூக்கால மூச்சு வராதுங்க, வாயாலதான்" என்று அவளே சொன்னாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். "அதுக்குத்தாம்மா ஆக்சிஜன் வைக்கிறோம், பயப்படாதீங்க" என்றார் அவர். நாங்களும் நம்பினோம். கொரோனா சமயத்தில் ஆக்சிஜன் கிடைத்தவன் பிழைத்தான், கிடைக்காதவன் செத்தான் என்றுதானே பார்த்திருந்தோம்? அது இருந்தால் உயிருக்குப் பயமில்லை என்று நினைத்தோம்.

கையில் ஊசி போட்டார்கள். அக்கா கண் சொருகினாள். மூக்கில் மெல்லிசான குழாயை மாட்டினார்கள். பல்லுக்கு மட்டும் இடம் விட்டு முகத்தின் மேல் பச்சைத் துணியைப் போட்டார்கள். ரத்தம் தொண்டைக்குள் போகாமல் இருக்க வாய்க்குள் பஞ்சுத்துணியைச் சுருட்டித் திணித்தார்கள். அவளுக்கு மூச்சு வருகிற ஒரே வழி அந்த வாய்தான்.

அங்கே இருந்தது டாக்டரும் ஒரு நர்ஸும் மட்டும். அக்கா காலை உதறிக்கொண்டே இருந்ததால் என்னை உள்ளே கூப்பிட்டு, காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அதனால்தான் எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க விரலில் மாட்டியிருந்த மெஷின் கொஞ்ச நேரத்தில் கத்த ஆரம்பித்தது. டாக்டர் பல்லை இழுத்துக்கொண்டே என்னவென்று கேட்டார். "உப்பளத்துக் கை சார். தோலு தடிச்சிப் போயிருக்குது. இவங்களுக்கு எப்பவும் சரியா காட்டாது" என்றாள் நர்ஸ். ஒரு பட்டனை அமுக்கினாள். சத்தம் நின்றது.

எங்கள் ஆட்கள் அங்கே நிறையப் பேர் போவார்கள். உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த விரல்களில் அந்த மெஷின் சில சமயம் தப்பாகக் காட்டுமாம். சத்தத்தை நிறுத்துவது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. வேறு விரலில் மாட்டிப் பார்க்கலாம், காதில் மாட்டிப் பார்க்கலாம், துணியைத் தூக்கி முகத்தைப் பார்க்கலாம். ஒன்றையும் செய்யவில்லை. நான் கேட்டதற்கு, ஆக்சிஜன் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று நர்ஸ் சிலிண்டரைக் காட்டினாள்.

அக்காவின் வயிறு மேலே ஏறியது, நெஞ்சு உள்ளே இழுத்தது. இரண்டும் மாறி மாறி. பிறகு அதுவும் குறைந்தது. உதறிக்கொண்டிருந்த கால் என் கையில் தொளதொளவென்று கிடந்தது.

"இப்பதான் அடங்கினாங்க" என்றாள் நர்ஸ்.

கால் விரல்கள் நாவல் பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தன. "கால் நீலமா ஆவுதுங்க" என்றேன். "சும்மா இரும்மா, முடியப் போவுது" என்றார் டாக்டர். நான் காலை விட்டுவிட்டு நேராகப் போய் முகத்துணியைப் பிடித்து இழுத்தேன். நர்ஸ் என் கையில் அடித்தாள். அதற்குள் மூன்று பேரும் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டோம். அந்த நிறத்தை நான் எழுத மாட்டேன்.

அதன் பிறகு டாக்டர் வேகமாகத்தான் வேலை செய்தார். வாயிலிருந்த துணியை உருவி, தாடையைத் தூக்கிப் பிடித்து, முகமூடி வைத்துக் காற்றடிக்கிற பையை அமுக்கினார். அக்கா ஒரு தடவை இழுத்து மூச்சு விட்டாள். ஆம்புலன்ஸில் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

அங்கே மயக்க மருந்து கொடுக்கிற ஒரு டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "மூக்கு அடைச்சிருந்தா குழாய் மாட்டிப் பிரயோஜனம் இல்லம்மா. ஆக்சிஜன் திறந்திருக்குன்னா அது உள்ள போவுதுன்னு அர்த்தம் இல்ல. தூங்க வெச்சா, மூச்ச மட்டும் பாக்கறதுக்குன்னு ஒருத்தர் நிக்கணும்." இது எனக்கு எதற்கு? அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மீதி இருந்த பல்லை அந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே பிறகு எடுத்தார்கள். அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, ஈறில் மட்டும் மரத்துப்போகிற ஊசி போட்டு, நடுநடுவே வாயை விட்டு மூச்சு வாங்கச் சொல்லி எடுத்தார்கள். தூங்க வைக்கவே இல்லை.

அக்கா பிழைத்துவிட்டாள். ஆனால் வலது கை நடுங்குகிறது, உப்புக் கூடையைத் தூக்க முடியாது. ஒரு வார்த்தை சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எதைச் சொல்ல வந்தோம் என்று மறந்து என் முகத்தைப் பார்க்கிறாள். யாராவது கேலி செய்தால் பதில் வருவதில்லை, சிரிக்கிறாள். நாங்கள் போய்ச் சண்டை போட்டோம். அந்த டாக்டர் வருத்தம் தெரிவித்தார். ஊரில், உயிர் இருக்குதே அது போதாதா, விடு என்றார்கள். எனக்குப் போதவில்லை. யார் போதும் என்று நினைக்கிறார்களோ, அவர்கள் ஒரு நாள் வந்து அவளுக்குத் தலை வாரி விடட்டும்.

இப்போது எங்கள் பக்கத்தில் யாரையாவது தூங்க வைத்து வைத்தியம் என்றால் நானும் கூடப் போகிறேன். மூச்சைப் பார்க்க யார் நிற்பார்கள் என்று கேட்கிறேன். சில இடங்களில் முகம் சுளிக்கிறார்கள், ஒரு இடத்தில் வெளியே போகச் சொன்னார்கள். நோயாளியையும் கூட்டிக்கொண்டுதான் வெளியே வந்தேன். மரியாதை தெரியாதவள் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது, ஆனால் டாக்டர் சொன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் மரியாதை என்றால் அதற்கு எங்கள் வீடு கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்துவிட்டது.