சவரியப்பன் வீட்டு ரப்பர் பொத்தான் மிஷின்

கோச்சடையில் எங்கள் தெருவின் கடைசி வீடு சவரியப்பனுடையது. பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். 1986-இல் அந்த வீட்டு ஜன்னல்கள் பகலிலும் திறக்காமல் கிடந்தன. உள்ளே, தொட்டில் துணியால் மூடி ஒரு ரகசியம் இருந்தது. அவர் மனைவி பிலோமினாளின் தம்பி சிங்கப்பூரிலிருந்து வரும்போது, குழந்தைச் சட்டைகளுக்குள் சுற்றி, சுங்கத்துக்குத் தெரியாமல் கொண்டுவந்த ஸ்பெக்ட்ரம் என்னும் சின்னக் கம்ப்யூட்டர்.

அதை டிவியில் மாட்ட வேண்டும். டேப் ரிக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டால் கீச்சென்று கத்தியபடி புரோகிராம் ஏறும். சவரியப்பனுக்குப் பாதிக் கேசட்டுகள் ஏறவே இல்லை. ஏன் என்று கேட்க மதுரையில் ஒரு நாதி கிடையாது. இதை வைத்திருப்பவர்கள் வேறு சிலர் இருந்திருக்கலாம். அவர்களும் ஜன்னலை மூடியல்லவா வைத்திருப்பார்கள்? பத்திரிகையில் எழுதினால் ஒரே ஒரு துணையாவது கிடைக்காதா என்று ஏங்கிப்போய் அவர் எழுத ஆரம்பித்தார்.

"கஸ்டம்ஸ்காரன்தான் வருவான். என் கழுத்துல கிடக்கிறதை வித்துத்தான் அபராதம் கட்டணும், பாத்துக்கங்க" என்றாள் பிலோமினாள்.

அனுப்பிய கட்டுரையெல்லாம் திரும்பி வந்தது. கடைசியில், என் தொடர்கதை வந்துகொண்டிருந்த வார இதழுக்கு நானே ஒன்றை எடுத்துப் போனேன். ஆசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"யாரு சார் இவரு, கம்பெனி ஏஜென்டா? வரிக்கு வரி மிஷின் பேரு வருதே."

"கணக்கு வாத்தியார் சார்."

"வாத்தியாருக்கு ஏது சிங்கப்பூர் சாமான்? மிஷின் பேரை எடுத்துட்டுக் கொண்டாங்க, போடுறேன். விளம்பரத்துக்கு நான் ஆளில்லை."

விஷயத்தைச் சொன்னதும் சவரியப்பன் உடைந்துபோனார். "பேரைச் சொல்லாம ஞானஸ்நானம் குடுக்கிற மாதிரில்ல இருக்குண்ணே. எவனுக்கு அடையாளம் தெரியும்?"

ஆனாலும் மிஷின் பெயரை அடித்துவிட்டார். அந்த இடத்தில், அழிரப்பர் போல மெத்தென்ற பொத்தான்கள், கறுப்பு உடம்பு, ஓரத்தில் வானவில் கோடு என்று எழுதினார். பெற்ற பிள்ளையைத் தொலைத்தவன் போலீசில் அங்க அடையாளம் சொல்வதுபோல் இருந்தது. கட்டுரை வெளிவந்தது. கீழே அவர் பெயரும் ஊரும். ஒருவரும் வரவில்லை.

வாரங்கள் கழிந்து ஒரு சனிக்கிழமை மதியம். நான் அவர் வீட்டில் இருந்தேன். எதிர் டீக்கடையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஆள் வெகுநேரம் நின்று இந்த வீட்டையே பார்ப்பதாகப் பிலோமினாள் சொல்லி வாய் மூடவில்லை, கதவு தட்டப்பட்டது. அவள் பாதிக் கதவைத் திறந்து, மேலே திறக்க முடியாதபடி காலை அண்டக் கொடுத்து நின்றாள்.

"சவரியப்பன் சார் வீடு இதானேக்கா?"

"அவரு ஊர்ல இல்ல."

"ரப்பர் பொத்தான் வச்ச மிஷின் ஒண்ணு..."

"அப்படி எதுவும் இங்க இல்ல."

அந்த நேரம் பார்த்து, உள்ளறையில் எதுவும் அறியாமல் உட்கார்ந்திருந்த சவரியப்பன் கேசட்டைப் போட்டுவிட்டார். கீச்சென்ற சத்தம் வீட்டை நிறைத்தது. பிலோமினாளின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

"மிக்சி" என்றாள்.

வந்தவர் காதைச் சாய்த்துக் கேட்டார். "மிக்சிக்குச் சவுண்டு பத்தலக்கா. இன்னும் நல்லாக் கூட்டி வைக்கச் சொல்லுங்க. எனக்கும் ரொம்ப நாள் இதே பாடுதான்."

அது உள்ளே காதில் விழுந்திருக்க வேண்டும், சத்தம் நின்றது. சவரியப்பன் கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றி, சவுண்டுக் குமிழைத் திருகி மறுபடி போடுவது எனக்குத் தெரிந்தது. இம்முறை காது கிழிந்தது. வாசலில் இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். சத்தம் அடங்கியபோது, அதுவரை வராத படம் டிவியில் வந்து நின்றது. சவரியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார். பிலோமினாள் காலை எடுக்கவில்லை.

"நீங்க யாரு?" என்றாள்.

"நல்லகாமன். கொட்டாம்பட்டியில உரக்கடை வச்சிருக்கேன். மலேசியாவுல இருந்து மச்சான் கொண்டாந்து குடுத்தாப்ல."

"அதுக்குக் கஸ்டம்ஸ்ல டூட்டி கட்டுனீங்களா?"

நல்லகாமன் கண்ணாடியைக் கழற்றினார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மெல்ல, இல்லையென்று தலையசைத்தார்.

பிலோமினாள் காலை எடுத்தாள்.