யாரு திறந்து வச்சது?

ஆஸ்பத்திரிச் சுவரோடு ஓடும் ஒயரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடக்கிறார் ஒயர்க்காரர். சீட்டுப் போடும் அறையில் தொடங்கி, மருந்து கொடுக்கும் அறை, ரத்தப் பரிசோதனை அறை என்று நுழைந்து, பழைய பதிவேடுகள் அடுக்கிய கோடி அறையில் போய் முடியும் ஒயர் அது. நாலு அறையிலும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். நடைவழி அலமாரிக்குள் அத்தனைக்கும் தாயான பெட்டி. பிரிண்டர் மட்டும் ஒன்றே ஒன்று, நடைவழியில், எல்லோருக்கும் பொதுவாக. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "யாரு திறந்து வச்சது?" என்று கேட்பார். அது அதட்டலா கெஞ்சலா என்று குரலை வைத்துச் சொல்ல முடியாது.

விஷயம் இவ்வளவுதான். ஒரு நோயாளியின் பக்கத்தை ஒருவர் எழுதத் திறந்துவிட்டால், அவர் மூடுகிறவரை மற்றவர்களுக்கு அது திறக்காது. இதைச் சொல்லிச் சொல்லியே மூன்று வாரமாக அவருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. "ஒரு குளியலறை, நாலு பேரு. குளிச்சு முடிச்சவங்க தாழ்ப்பாளைத் திறந்துட்டு வரணும்ல?" என்பார். நாலு தலையும் ஆடும். பத்தாவது நிமிடம் சீட்டுப் போடும் பெண் பக்கத்தைத் திறந்தபடி விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பாள். மருந்து கொடுப்பவரோ திரையை அணைத்துவிட்டால் பக்கமும் மூடிக்கொள்ளும் என்று நம்புகிறவர். அவரிடம் மட்டும் கொஞ்சம் கடுத்துப் பேசுவார்: "வெளக்கை அணைச்சா கடையைப் பூட்டினதா ஆயிடுமாண்ணே?"

பிரிண்டர் கதை தனிக்கதை. ரத்தப் பரிசோதனை அம்மாளுக்குத் தட்டின கையோடு தாள் கண்ணெதிரே வந்து விழவேண்டும். விழாவிட்டால் மறுபடி தட்டுவார், மறுபடியும் தட்டுவார். பிரிண்டர் கர்ணன் வம்சம், கேட்டதத்தனையும் கொடுக்கும். ஒரே சீட்டு பதினொன்று வந்து நடைவழியில் பறக்க, ஒயர்க்காரர் குனிந்து குனிந்து பொறுக்குவார்.

திருப்புளி எப்போதும் வலது காதில் செருகியிருக்கும். சாப்பிடும்போதும் இருக்கும். வீட்டில் குழாயில் தண்ணீர் மெல்ல வந்தாலும் அதே கேள்விதான். ஒருநாள் அவர் மனைவி அடுக்களையிலிருந்தே சொன்னாள்: "நீங்க வந்து உக்காந்ததுலேருந்து நான்தான் வாயைத் திறந்து வச்சிருக்கேன். அது காதுல விழுந்துச்சா? அதான் திருப்புளி அடைச்சிருக்கே."

அந்த மனைவியின் பெரியம்மா மகள்தான் கோடி அறையின் பெரியக்கா. அம்மாமார் இருவரும் கூடப்பிறந்தவர்கள். இளையவளுக்கு மூக்குநுனியில் கோபம். வந்த வேகத்தில் போய்விடும். மூத்தவளுக்குக் கோபம் வந்தது வெளியே தெரியாது, ஆனால் மாதக்கணக்கில் இருக்கும். பெரியக்கா மூத்தவளின் மகள். இருபத்தெட்டு வருடம் பதிவேட்டோடு குடித்தனம் நடத்தியவள். "எங்க வீட்டு மாப்பிள்ளைதான், கைவேலை சுத்தம்" என்று இந்த ஆஸ்பத்திரியில் அவருக்காக வாய்விட்டுச் சொன்னவளும் அவளே. ஏற்கெனவே இரண்டு இடத்தில், இது எங்களுக்குச் சரிப்படாது என்று எல்லாவற்றையும் கழற்றிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது இடமும் கைவிட்டால் கம்பெனி அவரை வீட்டில் இரு என்று சொல்லிவிடும்.

இதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பெரிய டாக்டர் வந்து பார்ப்பதாகச் சொன்ன நாளும் வந்தது. அன்றைக்கு நடுப்பகலில் ஒரு தச்சருக்கு அறுவைச் சிகிச்சை. சீட்டுப் போடும் அறையில் அந்தத் தச்சரின் பக்கத்தையே திறந்து காட்டச் சொன்னார் டாக்டர். திறக்கவில்லை. வேறொருவர் வைத்திருக்கிறார் என்று திரை சொன்னது. ஒயர்க்காரர் சுவரைத் தடவிக்கொண்டு ஓடினார். மருந்து கொடுப்பவர், தான் இல்லை என்று கைவிரித்தார். பரிசோதனை அம்மாள் சத்தியமே செய்தார்.

கோடி அறையில் பெரியக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் தச்சர். மடியில் பழைய பதிவேடு.

தாய்ப்பெட்டியில் ஒரு வழி உண்டு. அங்கிருந்து தட்டினால் யாரையும் பிடரியில் கைவைத்து வெளியே தள்ளிவிடலாம். அவர் கால் அலமாரிப் பக்கம் திரும்பியது.

"திரும்புங்க மாப்பிள்ளை" என்றாள் பெரியக்கா. "இந்தாளுக்கு ஒரு ஊசி மருந்து ஆகாது. போட்டா மூச்சடைக்கும். நான் செவப்புல எழுதி வச்சிருக்கேன், இதோ. உங்க பொட்டியில செவப்புக்கு எடமே இல்ல. அது ஏறுற வரைக்கும் இந்தாளை நான் விட மாட்டேன்."

அந்த அறையின் வழக்கம் அது. சிவப்பு வரி ஏறாத பக்கம் அவள் கையை விட்டுப் போனதில்லை. இதை அவள் போன வாரமே மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அவர், "அப்புறம் பாக்கலாம் பெரியக்கா" என்று ஒயரைத் தடவிக்கொண்டே போய்விட்டார். இப்போது அந்த மூன்றும் சேர்ந்து வந்து நெஞ்சில் உட்கார்ந்தன.

பின்னால் செருப்புச் சத்தம். பெரிய டாக்டர் வாசலில் நின்றார்.

"யாரு திறந்து வச்சது?"

பெரியக்கா வாயெடுப்பதற்குள் ஒயர்க்காரர் முந்திக்கொண்டார். "நான்தான் சார். ஏத்த வேண்டியதுல ஒண்ணை விட்டுட்டேன்."

நின்றபடியே குனிந்து, முகவரிக்குக் கீழே கிடந்த காலியிடத்தில், அவள் படிக்கப் படிக்க அந்த வரியைத் தட்டினார். பக்கத்தை மூடினார். மூடியதுதான் தாமதம், மற்ற மூன்று அறையிலும் காத்திருந்தவர்கள் ஆளாளுக்குத் தட்டினார்கள். பிரிண்டர் இரைந்தது.

வந்த முதல் சீட்டில் எச்சரிக்கை வரி மற்ற வரிகளோடு வரியாக, ஒரே கறுப்பில் கிடந்தது. ஒயர்க்காரர் சீட்டோடு வந்து பெரியக்காவைப் பார்த்தார். அவள் சிவப்புப் பேனாவை நீட்டினாள். வரியின் அடியில் கோடிழுத்துக் கொடுத்தார். டாக்டர் வாங்கி, கோடிழுத்ததை இரண்டு முறை படித்தார்.

"நாளைக்குள்ள இதுக்குன்னு தனியா ஒரு எடம் பொட்டிக்குள்ளயே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அறுவை அறைப் பக்கம் நடந்தார். கழற்றிக்கொண்டு போ என்று சொல்லவில்லை.

பிரிண்டர் நிற்கவில்லை. இரண்டாவது சீட்டு வந்தது, மூன்றாவது வந்தது. பரிசோதனை அம்மாள் எத்தனை முறை தட்டினாரோ. ஒயர்க்காரர் காதிலிருந்த திருப்புளியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். பிரிண்டர் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வந்து விழ விழ ஒவ்வொன்றிலும் அந்த வரியைத் தேடி, சிவப்பில் கோடிழுத்துக்கொண்டே இருந்தார்.